பூசணிக்காய்ப் பாக்கி

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போகும் என்பது அதன் எடையைப் பொறுத்ததல்ல. அதைக் கேட்கிற இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு பழைய வருத்தம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நெல்லைச் சீமைச் சபைகளில் வளர்ந்த யாரையும் கேட்டுப் பார்க்கலாம். ஆராதனை முடிந்த கையோடு, பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடந்த வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டின சேவல், ஓலைப்பெட்டிக் கருப்பட்டி எல்லாம் கோயில் முற்றத்துக்கு வந்துவிடும். நல்ல தொண்டை உள்ள ஒருவர் மைக்கைப் பிடிப்பார். கடையில் 60 ரூபாய்க்குக் கிடைக்கிற காய் அங்கே 600-க்குப் போகும். எதிராளி விட்டுக்கொடுக்காவிட்டால் அதற்கு மேலும் போகும்.

இதை எழுதுகிறவர் ஒரு வருஷம் அப்படியொரு பூசணிக்காயை எடுத்தார். அவருக்குப் பூசணிக்காய் ஆகாது. வீட்டிலும் யாரும் விரும்பிச் சாப்பிடுவதில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்டவர், முந்தின வருஷம் சேகரக் கமிட்டித் தேர்தலில் இவருக்கு எதிராக நின்று 11 ஓட்டில் ஜெயித்தவர். பிறகு எப்படி விடுவது? 200, 350, 500 என்று ஏறி, 850-ல் மூன்றாம் தரம் விழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஐயர் புன்னகைத்தார். (இந்தப் பக்கம் பிராட்டஸ்டன்ட் குருவானவர்தான் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. வெளியூர்க்காரர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம்.) பூசணிக்காய் அன்றே தோளேறி வீட்டுக்குப் போனது. பணம் மட்டும், "அடுத்த ஞாயித்துக்கெழம தாரேன் அண்ணாச்சி" என்ற வாக்குறுதியாகப் பொருளாளரிடம் தங்கிவிட்டது.

அந்தக் கதைக்குப் பிறகு வரலாம். முதலில் மற்றவர்களுடைய குறைகளைப் பார்த்துவிடுவோம். சபை வழக்கம் அப்படித்தான்.

கிறிஸ்தவர்களுக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கலில் பில்லில் எழுதாத ஒரு விலை உண்டு. அதற்கு விசுவாசி விலை என்று பெயர் வைக்கலாம். அச்சகம் வைத்திருப்பவர் சபையார் என்றால், கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர் முதலில் வசனத்தைத் தேர்ந்தெடுப்பார், பிறகு அட்டையை, பிறகு தங்க எழுத்தை. எல்லாம் ஆனபின், "நாமெல்லாம் ஒரே சபை, பாத்துப் போடுங்க" என்பார். அச்சகக்காரர் மனசிலும் ஒரு கணக்கு ஓடும். சபையார்தானே, இரண்டு நாள் பிந்தினால் பொறுத்துக்கொள்வார், ஓர் எழுத்து விட்டுப்போனால் மன்னித்துவிடுவார் என்கிற கணக்கு. ஒருவர் அன்பை விலையில் எதிர்பார்க்கிறார், மற்றவர் அதே அன்பை வேலையில் எதிர்பார்க்கிறார். மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முடிந்த பிறகு, மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி குறைந்த பத்திரிகை, குறைந்த விலையில் வந்து சேரும். இரண்டு குடும்பமும் அடுத்த நற்கருணை வரைக்கும் பேசிக்கொள்ளாது.

இது இன்று நேற்று முளைத்த வியாதி இல்லை. விசுவாசியான எஜமானிடம் வேலை செய்கிற அடிமைகளுக்குப் பவுல் ஒரு புத்திமதி சொல்லியிருக்கிறார். அவர் சகோதரர்தானே என்று மரியாதையைக் குறைத்துக்கொள்ளாதீர்கள், அதற்காகவே இன்னும் நன்றாக வேலை செய்யுங்கள் என்பது அதன் சாரம். தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. அடிமைத்தனத்தையே அவர் ஏன் கேள்வி கேட்கவில்லை என்பது வேறு வழக்கு. நமக்குத் தேவையானது இவ்வளவுதான்: 'நம்மாளுதானே' என்கிற சலுகை மனப்பான்மை சபையின் முதல் தலைமுறையிலேயே ஒரு நிருபத்தில் எழுத வேண்டிய அளவுக்கு வளர்ந்திருந்தது.

அச்சகக்காரருக்காவது ஏதோ கொஞ்சம் பணம் கிடைக்கிறது. சபையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் நிலைமை அதைவிட மோசம். கன்வென்ஷன் பந்தலுக்கு வயர் இழுத்து, ட்யூப்லைட் கட்டி, ராத்திரி 2 மணிக்கு ஃப்யூஸ் போட்டவர் கூலி என்று வாயைத் திறந்தால், "இது ஊழியம்லா தம்பி" என்று யாராவது தோளில் தட்டுவார்கள்.

இந்த ஊழியம் என்ற சொல்லுக்குத் தென்கோடியில் ஒரு பழைய கதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் எளிய சாதி ஜனங்கள் கூலியில்லாமல் சர்க்காருக்குச் செய்தே ஆகவேண்டிய கட்டாய வேலை. அதோடு தலைவரி வேறு. அந்தக் காலத்தில்தான் ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மானிய மிஷனரி, லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1804-ல் தரங்கம்பாடியில் இறங்கி, பிறகு தெற்கே மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். வேதத்தில் சேர்ந்தால் வரி குறையுமா, வழக்கில் துரை நமக்காகப் பேசுவாரா என்று கேட்டு வந்தவர்கள் அவருக்குப் பெரிய தலைவலி. வருகிறவர்களுடைய நோக்கத்தை அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். தன் சம்பளத்தையோ ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கிழிந்த உடுப்போடு திரிந்தார். 1816-ல் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடம் பயணத்துக்கு உருப்படியான கோட்டுகூட இல்லை என்று சொல்வார்கள். முதுகில் சவுக்கடியும் தலையில் வரியும் இருக்கிறவன் அதிலிருந்து தப்ப வழி தேடுவதைச் சுயநலம் என்று சொல்ல வாய் கூசுகிறது. கூலியில்லா ஊழியத்திலிருந்து தப்பத்தான் அந்த மக்கள் சபைக்கு வந்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன் பந்தலில் வயர் இழுத்துவிட்டு நிற்கும்போது அதே சொல்லைச் சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறோம். சொற்களுக்கு ஆயுசு கெட்டி.

கூலிக்குப் பதிலாக அந்த எலக்ட்ரீஷியனுக்குக் கிடைப்பது ஜெபம். 'உங்களுக்காக ஜெபிச்சிக்கிடுதோம்' என்பது சபைக்குள் செல்லுபடியாகிற ஒரு நோட்டு. அதை எந்த மளிகைக்கடையிலும் மாற்ற முடியாது என்பதுதான் ஒரே குறை.

அசனத்திலும் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் அசனம் என்றால் ஊரே கூடி உண்கிற விருந்து. கிடாரம் கிடாரமாகச் சோறு, அண்டா அண்டாவாகக் குழம்பு. பந்தியில் உட்கார்ந்துவிட்டால் டாக்டருக்கும் பனையேறுகிறவருக்கும் ஒரே இலைதான். அந்த மட்டில் அது ஒரு மகத்தான காட்சி. ஆனால் பந்தி ஒரு பக்கம் நடக்கும்போதே சமையல் கொட்டகைக்குப் பின்பக்கம் வாளிகள் வரிசை கட்டும். மூடி போட்ட வாளி, துணி கட்டின வாளி, பெயின்ட் டப்பா வாளி. 'வீட்ல அம்மாவுக்கு நடக்க முடியாது' என்று ஒரு வாளி. அந்த அம்மா பந்தியில் மூன்றாவது இலையில் உட்கார்ந்து ரசம் கேட்டுக்கொண்டிருப்பார். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள் என்று பவுல் கண்டித்து எழுதினார். சிலர் குடித்து வெறித்தும் இருந்தார்களாம். அந்த ஊருக்கு நம் வாளியைப் பற்றித் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

சபையின் ஆரம்ப காலத்து மனிதர்கள் இந்தச் சங்கதியில் நம்மைவிடக் கறாராக இருந்தார்கள். 'டிடாக்கே' என்று ஒரு சிறிய கிரேக்க நூல் இருக்கிறது. பன்னிரண்டு அப்போஸ்தலருடைய போதனை என்று அதற்குப் பெயர். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுந்தது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்து, 1056-ல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியாகக் கான்ஸ்டாண்டினோபிளில் அகப்பட்டது. 1873-ல் அதைக் கண்டெடுத்த பிரையெனியோஸ் என்கிற கிரேக்க சபைக் குருவானவர் 1883-ல் அச்சிட்டார்.

அதில் ஊர் ஊராகப் போகிற பிரசங்கிமாரை எப்படி நடத்துவது என்று விதிகள் உண்டு. வந்தவரைக் கர்த்தரையே ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தங்கலாம். அவசியம் என்றால் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் பாயைச் சுருட்டவில்லை என்றால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தமிழன் கணக்கு. இவர்கள் அதிலும் ஒரு நாளைக் குறைத்துவிட்டார்கள். புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரைக்குமான அப்பம் கொடுக்கலாம். பணம் கேட்டாரா, கள்ளத் தீர்க்கதரிசி.

இதைவிட ருசியான விதி ஒன்று உண்டு. ஆவியில் நிறைந்து 'இங்கே ஒரு பந்தி போடுங்கள்' என்று சொல்கிற தீர்க்கதரிசி, அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் அவரும் கள்ளர்தான். இந்த விதியை எழுதினவருக்கு ஏதோ ஒரு பிரசங்கியார் தரிசனத்தில் ஆட்டுக்கறி கேட்ட அனுபவம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு துல்லியமாக ஒரு சட்டம் யாருக்குத் தோன்றும்? ஊரிலேயே தங்க நினைக்கிறவருக்குத் தொழில் தெரிந்தால் அவர் உழைத்துச் சாப்பிட வேண்டும். தெரியாவிட்டால் சபை ஏதாவது வழி செய்யலாம், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க விடக் கூடாது. அதற்கும் சம்மதிக்காதவருக்கு அந்த நூல் ஒரு பட்டம் கொடுத்திருக்கிறது. கிறிஸ்துவை வைத்து வியாபாரம் பண்ணுகிறவர். யூடியூப் வருவதற்கு 1,800 வருஷங்களுக்கு மேல் முந்தின சொல் அது.

பண விஷயத்தில் பவுலும் அப்படித்தான். எருசலேம் ஏழைகளுக்காக மற்றச் சபைகளில் தர்மப்பணம் திரட்டினபோது, அதைத் தான் ஒருவராகவே தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு, சபைகளில் நல்ல பேர் எடுத்த இன்னொரு சகோதரரையும் கூட அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையில் எங்களை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது பாருங்கள் என்று காரணமும் எழுதுகிறார். என்னையே சந்தேகப்படுகிறீர்களா என்று அவர் குதிக்கவில்லை. சந்தேகப்படுவீர்கள் என்று தெரிந்தே ஆள் கூட்டிக்கொண்டு போகிறார். பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் பணப்பை யார் கையில் இருந்தது, அதில் என்ன நடந்தது என்பது யோவான் சுவிசேஷத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். பொருளாளர்களுடைய ஐக்கியக் கூட்டத்தில் அந்த அதிகாரத்தை யாரும் வாசிப்பதில்லை.

பவுல் ஒரு புரோநோட்டும் எழுதியிருக்கிறார். பிலேமோன் என்கிற பணக்கார விசுவாசியின் வீட்டிலிருந்து ஒநேசிமு என்கிற அடிமை ஓடிவந்துவிடுகிறான். போகும்போது ஏதோ நஷ்டமும் பண்ணியிருக்கலாம். அவனைத் திருப்பி அனுப்பும்போது பவுல் கூடவே ஒரு கடிதம் கொடுக்கிறார். அவன் தர வேண்டியது ஏதாவது இருந்தால் என் பேரில் பற்று எழுதிக்கொள், நான் கொடுத்துத் தீர்ப்பேன், இதை என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார். கணக்கு சுத்தம். ஆனால் அதே மூச்சில், நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருக்கிறாயே, அதை நான் சொல்ல வேண்டாம் பார் என்றும் ஒரு வரி சேர்க்கிறார். சொல்ல வேண்டாம் என்பதைச் சொல்லிக் காட்டுகிற இந்த வித்தை நம் பெரியப்பாக்களுக்கு நன்றாக வரும். பிலேமோன் அந்தத் தொகையை வசூல் பண்ணியிருப்பாரா? எந்தச் சபையாரையும் கேளுங்கள், சிரிப்புத்தான் பதிலாக வரும்.

பணக்கணக்கையாவது கூட்டிப் பார்க்கலாம். நடத்தைக்கு யார் கணக்குக் கேட்பது? இதற்கு நம்மிடம் இருக்கிற ஏற்பாடு ஜெபக்குறிப்பு. "அக்கா, யார்ட்டயும் சொல்லிராதீங்க, ஜெபத்துக்காகத்தான் சொல்லுதேன்" என்று ஆரம்பிக்கும். தெற்குத்தெரு வீட்டு மருமகள் தாய்வீட்டுக்குப் போய் 3 வாரமாகிறது என்பது அடுத்து வரும். "பாத்திரக்கடைல பாத்தேன், கழுத்துல தாலிச்செயின் மட்டும்தான் கெடந்து" என்பது அதற்கடுத்து. வெள்ளிக்கிழமை மாதர் ஜெபக்கூட்டத்தில் சொன்ன குறிப்பு, ஞாயிறு காலை முதல் மணி அடிப்பதற்குள் வடக்குத்தெரு எல்லைவரை போயிருக்கும். எல்லோருக்கும் தெரியும். அந்த மருமகளைப் போய்ப் பார்த்து, 'என்னம்மா விஷயம்' என்று கேட்டவர் மட்டும் ஒருவரும் இருக்க மாட்டார்.

சொந்தக் கணக்கு என்று வந்தால் ஆராதனை முறைமையில் பொதுப் பாவ அறிக்கை இருக்கிறது. 300 பேரும் முழங்காலில் நின்று, ஒரே குரலில், ஒரே வேகத்தில் ஒப்புக்கொள்வோம். அத்தனை பேர் சேர்ந்து செய்த பாவத்தில் தலைக்கு எவ்வளவு வரும் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது.

இந்தச் சௌகரியத்தைக் கெடுத்தவர் ஜான் வெஸ்லி. இங்கிலாந்து சபைக் குருவானவர், மெதடிஸ்ட் இயக்கத்தின் தகப்பன். 1738 கிறிஸ்மஸ் அன்று அவர் சிறு குழுக்களுக்கென்று சில விதிகளை எழுதி வைத்தார். சேர வருகிறவரிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் அதில் உண்டு. உன் குறைகளை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறாயா? எல்லாக் குறைகளையும், உறைக்கிற மாதிரி? உன்னைப் பற்றி நாங்கள் நினைப்பது, பயப்படுவது, கேள்விப்படுவது எல்லாவற்றையும் சொல்லலாமா? இந்த ரீதியில் போகும். வாரத்துக்கு ஒருமுறை கூடி, போன வாரம் செய்த தவறுகளை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் படிவத்தை நம் சபை வாசலில் வைத்தால் பார்க்கிங் பிரச்சினை அன்றோடு தீரும்.

ஆனால் வெஸ்லியின் பெரிய ஏற்பாடு விதியில் பிறந்ததில்லை, கடனில் பிறந்தது. பிரிஸ்டல் நகரத்தில் 1739-ல் கட்டின 'நியூ ரூம்' என்கிற ஜெபவீட்டுக்குக் கடன் பாக்கி இருந்தது. 1742 பிப்ரவரியில் அதைத் தீர்ப்பது எப்படி என்று கூடிப் பேசினார்கள். ஃபாய் என்கிற கப்பல் கேப்டன் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றார். அதுகூட முடியாத ஏழைகள் நம்மில் இருக்கிறார்களே என்று ஒருவர் தடுத்தார். எந்தச் சபைக் கூட்டத்திலும் எழுகிற குரல்தான். வழக்கமாகப் பேச்சு அத்தோடு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். கேப்டன் போகவில்லை. இருப்பதிலேயே ஏழைகளான 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாராவாரம் நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடிந்தால் சரி, முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நான் போடுகிறேன் என்றார். மற்றவர்களும் அதேபோல ஆளுக்கு 11 பேரை எடுத்துக்கொண்டார்கள்.

பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வேறொன்றையும் பார்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. இன்னொரு வீட்டில் ஆள் குடித்துக் கிடக்கிறார். கோயிலில் வெள்ளை வெளேரென்று வந்து உட்காருகிறவர்களுடைய கிழமைநாள் முகம் வசூலுக்குப் போனவர்களுக்குத்தான் தெரிந்தது. வெஸ்லிக்கு இது வந்து சேர்ந்ததும், இத்தனை நாள் நாம் தேடினது இதுதானே என்று பிடித்துக்கொண்டார். வசூல் ஏற்பாடு மேய்ப்பு ஏற்பாடாயிற்று. பிறகு வீட்டுக்குப் போவதில் சங்கடங்கள் வந்தன. வேலைக்காரர்களைப் பார்க்க எஜமானர்கள் விடவில்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொன்னதை நேருக்கு நேர் விசாரிக்கவும் வழியில்லை. ஆகவே எல்லோரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடட்டும் என்று வைத்தார்கள். 'வகுப்பு' என்கிற மெதடிஸ்ட் அமைப்பு இப்படித்தான் உண்டாயிற்று. வெஸ்லி வழி மிஷனரிகள் 1814-ல் இலங்கையில் இறங்கி யாழ்ப்பாணம் வந்தபோதும், 1817-ல் ஜேம்ஸ் லிஞ்ச் சென்னைக்கு வந்தபோதும் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வெஸ்லியே ஒரு பட்டியல் விட்டுப் போயிருக்கிறார். 1743 மார்ச் மாதம் நியூகாஸில் சங்கத்தைச் சோதித்தபோது, அதிலிருந்து நீக்கப்பட்டவர்கள் 64 பேர் என்று நாட்குறிப்பில் எழுதி, காரணத்தையும் தலைக்கணக்காகப் பிரித்திருக்கிறார். சபித்ததற்கும் ஆணையிட்டதற்கும் 2 பேர். ஓய்வுநாளை மீறினதற்கு 2. குடிக்கு 17. சாராயம் விற்றதற்கு 2. சண்டை சச்சரவுக்கு 3. பெண்டாட்டியை அடித்ததற்கு 1. வேண்டுமென்றே பொய் சொல்லிப் பழகினதற்கு 3. புறங்கூறினதற்கு 4. சோம்பலுக்கு 1. கடைசியாக, விளையாட்டுத்தனத்துக்கும் அசட்டைக்கும் 29.

ஒரு ஊர் முழுக்கப் பெண்டாட்டியை அடித்தவர் 1, சோம்பேறி 1 என்பதை நம்புவது கஷ்டம். அகப்பட்டவர் 1 என்று வைத்துக்கொள்ளலாம். புறங்கூறினதற்கு வெறும் 4 என்பதைப் பார்த்தால், நம் மாதர் ஜெபக்கூட்டம் அவ்வளவு தூரம் எட்டவில்லை என்பதும் தெரிகிறது. அந்த 29-தான் யோசிக்க வைக்கிறது. குடி, பொய், அடிதடி எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு எட்டவில்லை. பெரிய பாவம் பண்ணத் தெம்பில்லாமல், சின்னதாக எதையும் பொருட்படுத்தாமல் இருந்தவர்கள் அவர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த வரியில் இடம் உண்டு.

தாங்களாகவே விலகினவர்கள் பட்டியல் தனி. அது 64-ஐ விட நீளம். வீட்டில் புருஷனோ பெண்டாட்டியோ சம்மதிக்கவில்லை என்று 9 பேர். தாய் தகப்பன் விடவில்லை என்று 12 பேர். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று 9 பேர். ஏழைகளுக்குக் கிடைக்கிற உதவிப்பணம் நின்றுவிடும் என்று 3 பேர். ரொம்ப தூரம் என்று 2 பேர். கர்த்தரைச் சேவிக்க இன்னும் காலம் கிடக்கிறது என்று 1. குறிப்பிட்ட ஒரு மனுஷன் அந்தச் சங்கத்தில் இருக்கிறான், ஆகையால் நாங்கள் வரமாட்டோம் என்று 2 பேர். அந்த மனுஷனுடைய பேரையும் வெஸ்லி எழுதி வைத்துவிட்டார். கிட்டத்தட்ட 280 வருஷமாக அது அச்சில் இருக்கிறது. 'அவன் இருக்கிற இடத்துல நான் இருக்க மாட்டேன்' என்கிற வசனம் நம் சேகரக் கமிட்டியில்தான் பிறந்தது என்று நினைத்திருந்தோம்.

இனிப் பூசணிக்காய்.

தேர்தலில் தோற்றவரைச் சமாதானப்படுத்த, இதை எழுதுகிறவரை அந்த வருஷம் கணக்குச் சரிபார்க்கிறவராகப் போட்டார்கள். மனுஷன் 3 சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டினார். ஜெனரேட்டர் டீசலுக்கு ரசீது இல்லை. பீடத்துப் பூவுக்கு ஒரே கையெழுத்தில் இரண்டு ரசீது. 'இதர செலவு' என்று 1,740 ரூபாய். வருடாந்திரக் கூட்டத்தில் எழுந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் சாயல் இருந்தது என்று அவரே பின்னால் வீட்டில் சொன்னார். ஜெயித்த கட்சிக்காரர் நெளிந்தார்.

பொருளாளர் அண்ணாச்சி கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குக் கோபம் வராது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேரேட்டைத் திறந்தார்.

"கணக்குக் கேக்கது நல்லதுதான். டீசல் ரசீது எங்கிட்ட இருக்கு, காட்டுதேன். அதோட சேத்து, ஏலப் பாக்கி லிஸ்ட்டும் இருக்கு. 23 பேரு. பேரோட வாசிக்கட்டுமா?"

ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கூட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் ஒரே சமயத்தில் குரல் வந்தது. வேண்டாம் அண்ணாச்சி, கணக்கெல்லாம் சரியா இருக்கு, பாஸ் பண்ணிருங்க, நேரமாகுது. முன்மொழிந்தவர் ஜெயித்த கட்சிக்காரர். வழிமொழிந்தவர் இதை எழுதுகிறவர். அந்தச் சபையில் இரண்டு கட்சியும் ஒருமனப்பட்டது அன்றைக்குத்தான் என்று ஐயர் முடிவு ஜெபத்தில் ஸ்தோத்திரம் பண்ணினார்.

ஜெபம் முடிந்ததும் 'ஆடிட்டர்' மெல்ல மேஜைப் பக்கம் போய், பர்ஸிலிருந்து 500 ரூபாய் எடுத்து வைத்தார். அண்ணாச்சி பேரேட்டில் அவர் பேருக்கு நேரே பூசணிக்காய் 1, ரூ. 850 என்று இருந்த வரியைத் தேடிப் பிடித்தார்.

"பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சாம்பார்லயே மறைச்சிட்டீயளே."

மீதி 350 என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பின்னால் வரிசையில் ஜெயித்த கட்சிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அதே ஏலத்தில் அவர் எடுத்தது ஒரு சேவல், 1,100 ரூபாய்.

"நாமெல்லாம் ஒரே சபை, கொஞ்சம் பாத்துப் போடுங்க அண்ணாச்சி. அந்தச் சேவல் வீட்டுக்குக் கொண்டு போன அன்னைக்கே செத்துப் போச்சி."

அண்ணாச்சி பேரேட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

"செத்த சேவல என்ன செஞ்சீய?"

"கொளம்பு வச்சோம்."